சமர்கண்ட் காசும் சேதுக் காசும்

ஏழாம் நூற்றாண்டில் சமர்கண்ட் நகரை ஆண்ட சொக்டிய மன்னர்களின் செப்புக் காசு ஒன்றைக் காண்பவர் முதற் பார்வையில் அதனைச் சீனக் காசு என்றே கொள்வார். வட்ட வடிவம்; நடுவிலே நூல் கோப்பதற்கான சதுரத் துளை; அடித்து முத்திரை பதிக்காமல் உருக்கி வார்த்த செம்பு. சீனத்தின் தாங் வம்சத்து முதற் பேரரசர் கி.பி. 621 இல் வெளியிட்ட காசின் தோற்றம் அது. ஆனால், துளையைச் சுற்றியுள்ள எழுத்து சீனம் அன்று. சொக்டிய எழுத்திலே சமர்கண்ட் மன்னனின் பெயரும் பட்டமும் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் அவனது குலக்குறி இருக்கும். சீனன் ஆளாத ஊரிலே, சீனம் பேசாத மக்களுக்காக, சீன உருவில் வார்க்கப்பட்ட காசு அது.

இத்தகைய கலப்புக் காசுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் சிறு தொகையினராக இருக்கின்றனர். பொற்காசுகளின் பின்னே ஓடும் பெருஞ் செல்வர்கள் அல்லர் இவர்கள். பாசி பிடித்த செப்புத் துண்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து மணிக்கணக்கில் உற்று நோக்கும் பொறுமைசாலிகள். நாற்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில் அத்தகைய காசுகளை வாங்கும் வசதி எனக்கு வாய்த்ததில்லை. அவற்றின் படங்களையும், அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்து வைப்பதோடு நின்றுகொண்டேன். வட்டக்கச்சியில் மாலை வேளைகளில் அவற்றைப் புரட்டும்போதெல்லாம் எங்கள் சொந்த மண்ணின் காசு ஒன்று நினைவில் வந்து நிற்கும். அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழியிலே பிறந்த காசுகள்

சமர்கண்டும் புகாராவும் சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் இடைப்பட்ட வணிகப் பெருவழியில் அமைந்த நகரங்கள். சொக்டிய வணிகர்கள் கிழக்கே சீனத் தலைநகர் வரை சென்று கடை விரித்தவர்கள். எனவே, சீனக் காசின் உருவம் அவர்களுடைய சந்தைக்குப் புதியதன்று. கிழக்கு வழியில் சீன உருவம் செல்லுபடியானதுபோல, மேற்கே புகாராவில் பாரசீக உருவம் செல்லுபடியாயிற்று. அங்கு ஐந்தாம் நூற்றாண்டுச் சாசானிய மன்னன் ஐந்தாம் பஹ்ராமின் முடிசூடிய தலையையும், மறுபக்கத்தில் தீ வளர்த்த பீடத்தையும் கொண்ட வெள்ளிக் காசுகளை உள்ளூரார் பல தலைமுறைகளாக அச்சிட்டு வந்தனர்.

712 இல் அரபுத் தளபதி குதைபா இப்னு முஸ்லிம் சமர்கண்டைக் கைப்பற்றினார். ஆட்சி மாறியது, காசு உடனே மாறிவிடவில்லை. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் புகாராவின் வெள்ளிக் காசில் அதே பாரசீக மன்னனின் தலை இருந்தது, அதே தீப்பீடம் இருந்தது. தலைக்கு அருகே மட்டும் அரபு எழுத்திலே கலீபா அல் மஹ்தியின் பெயர் ஏறியிருந்தது. உருவ வழிபாட்டையும் தீ வழிபாட்டையும் ஏற்காத ஓர் ஆட்சி, தன் பெயரைத் தீப்பீடம் பொறித்த காசிலே போட்டுக்கொண்டது. காரணம் எளியது. சந்தையில் இருந்தவன் அந்த முகத்தைத்தான் அறிந்திருந்தான்.

அதே எட்டாம் நூற்றாண்டில், இன்றைய கிர்கிஸ்தான் பகுதியை ஆண்ட துர்கேஷ் என்னும் துருக்கியக் குலத்தவரும் சதுரத் துளையிட்ட காசுகளை வார்த்தனர். அவற்றின் மேல் உள்ள சொக்டிய வாசகத்தின் பொருள் 'இறைத்தன்மை பொருந்திய துர்கேஷ் ககானின் காசு' என்பதாகும். காசு என்பதற்கு அங்கே வழங்கும் சொல் 'ப்னி'. வடமொழியின் 'பண' என்னும் சொல்லிலிருந்தே அது சென்றது என்பது மொழியியலாளர் கருத்து. நாம் அன்றாடம் வழங்கும் 'பணம்' என்ற சொல்லின் உறவுச் சொல் ஒன்று, சீன உருவம் கொண்ட ஒரு காசின் மேல், துருக்கிய மன்னனுக்காக, சொக்டிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நான்கு நாகரிகங்கள் ஒரு செப்புத் துண்டில் கூடியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

கலப்பு எப்போதும் வெற்றி பெற்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1294 இல் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னன் கைகாத்து, சீனத்தைப் பின்பற்றித் தப்ரீஸ் நகரில் காகிதப் பணத்தை வெளியிட்டான். அதிலே சீன எழுத்துகளும் இருந்தன, இஸ்லாமியக் கலிமாவும் இருந்தது. ஏற்காதவருக்கு மரண தண்டனை என்று ஆணையும் பிறந்தது. வணிகர்கள் கடைகளைப் பூட்டினர், சந்தை வெறிச்சோடியது. இரண்டு மாத அளவில் காகிதப் பணம் கைவிடப்பட்டது. வாளுக்கு அஞ்சிய மக்கள்கூட, நம்பாத பணத்தைக் கையில் வாங்க மறுத்தனர். எந்த எழுத்தைப் போட்டாலும், வாங்குபவன் நம்பாவிட்டால் காசு காசாவதில்லை.

யாழ்ப்பாண மன்னரின் காசு

இனி எமது பக்கம் வருவோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக் காசு 'சேதுக் காசு' என்று அறியப்படும். ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழ் எழுத்தில் 'சேது' என்ற சொல். சேது என்ற சொல்லைக் கண்டு, இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என ஒருகாலத்தில் கருதியோர் உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், இவை யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்று வாதிட்டார். சேதுவைக் காப்பவர் என்பது அம்மன்னர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெருமை. கேகாலைப் பகுதியில் உள்ள அவர்களது கொட்டகமக் கல்வெட்டும் 'சேது' என்ற சொல்லோடுதான் தொடங்குகின்றது.

நந்தியையும் தமிழ் எழுத்தையும் பெருமையோடு சுட்டும் நாம், காசைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. அங்கே நிற்கும் உருவம் எங்கிருந்து வந்தது?

அநுராதபுரத்து மன்னர்களின் காலத்தில் 'ககவணு' என்னும் பொற்காசு இலங்கையில் வழங்கியது. அதன் ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் இருந்தன. முதலாம் இராசராசன் இலங்கையின் வடபகுதியை வென்ற பின் வெளியிட்ட காசுகளில் அதே இரண்டு உருவங்களும் நாகரி எழுத்தில் அவன் பெயரும் இடம்பெற்றன. வென்றவன் தோற்ற நாட்டின் காசு உருவத்தை எடுத்துக்கொண்டான் என்பது நாணயவியலாளர் பலரின் முடிவு. சோழர் கல்வெட்டுகள் 'ஈழக்காசு' என்று ஒன்றைக் குறிப்பிடுவதும் இத்துடன் வைத்து எண்ணத்தக்கது. 1070 அளவில் சோழரைத் துரத்திப் பொலன்னறுவையில் முடிசூடிய முதலாம் விசயபாகுவும், அவனுக்குப் பின் வந்த பராக்கிரமபாகுவும், அரசி லீலாவதியும் அதே உருவத்தைச் செப்பில் அச்சிட்டுத் தம் பெயரை இட்டனர். துரத்தப்பட்டவன் போனான், அவன் வழங்கிய காசின் முகம் போகவில்லை.

அந்த வரிசையில் வந்ததுதான் சேதுக் காசின் முன்பக்கம். தெற்கிலிருந்த சிங்கள அரசுகளோடு பொருதியவர்கள் ஆரியச் சக்கரவர்த்திகள். பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் படைத்தலைவனாக வந்த ஆரியச் சக்கரவர்த்தி ஒருவன் யாப்பகூவாவிலிருந்து புத்தரின் தந்த தாதுவையே எடுத்துச் சென்றான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அத்தகைய பகைமைக்கு நடுவிலும், தமது காசின் ஒரு முகத்தில் தெற்கின் சந்தைக்குப் பழகிய உருவத்தை அவர்கள் விட்டுவைத்தனர். நந்தியும் தமிழும் அரசனின் குரல். நிற்கும் உருவம் சந்தையின் குரல். புகாராவின் வெள்ளிக் காசில் நடந்தது இங்கும் நடந்திருக்கின்றது.

சீனமும் அரபும் எம் கரையில்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மத்திய ஆசியாவில் கலந்தவை சீனமும் இஸ்லாமிய உலகமும். அவற்றுக்கும் எமக்கும் என்ன தொடர்பு? தரைவழியில் சமர்கண்ட் இருந்த இடத்தில், கடல்வழியில் இலங்கையும் சோழமண்டலக் கரையும் இருந்தன என்பதே விடை.

1077 இல் சோழ நாட்டிலிருந்து சீனம் சென்ற 72 பேர் கொண்ட தூதுக் குழுவுக்கு, அவர்கள் கொண்டுசென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 கோவை செப்புக் காசுகள் வழங்கப்பட்டதாகச் சீன வரலாறு பதிவு செய்திருக்கின்றது. ஒரு கோவை என்பது பெயரளவில் ஆயிரம் காசு. தஞ்சாவூர்ப் பகுதியில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. ஆரியச் சக்கரவர்த்தி படையெடுத்த அதே யாப்பகூவாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனக் காசுகள் கிடைத்தன. ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977 இல் சோங் காலச் சீனப் பாண்டங்கள் வெளிப்பட்டன. 2018 இல் சீனத்தின் ஷங்காய் நூதனசாலையிலிருந்து வந்தோர் அங்கே அகழ்வு செய்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பற்றியும், உடைந்த கப்பல்களின் பொருளில் அரசின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றியும் பேசுகின்றது. சிங்கள மன்னன், வெளிநாட்டு வணிகருக்கு, தமிழில் எழுதுவித்த ஆணை அது.

இஸ்லாமிய உலகத்தின் தொடர்பும் அவ்வாறே. 1344 இல் இலங்கை வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது மன்னன் பாரசீகம் அறிந்தவனாக இருந்ததைக் குறித்து வைத்திருக்கின்றார். முத்து வாங்க வந்தவனின் மொழியை முத்து விற்றவன் கற்றிருந்தான். கொழும்பு நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு 1409 ஆம் ஆண்டுத் தேதியுடையது. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த அக்கல்லில் சீனம் புத்தரைப் போற்றுகின்றது. தமிழ் தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகின்றது. மூவருக்கும் அளித்த காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவின. சீனமும் பாரசீகமும் சந்தித்த அந்தக் கல்லிலே மூன்றாவது மொழியாகத் தமிழ் நின்றது.

அரபு எழுத்துக் கொண்ட காசும் எம் நாட்டில் செல்லுபடியானது. பாரசீகத்தின் லார் என்னும் ஊரின் பெயரைக் கொண்ட 'லாரின்', வெள்ளிக் கம்பியை மடித்து முத்திரை குத்திய காசு. இலங்கையில் அதனைத் தூண்டில் முள் போல வளைத்தனர். பின்னர் உள்ளூர்த் தட்டாரே அதைச் செய்தனர். அரபு தெரியாத கைகள் அரபு எழுத்தைப் பார்த்து வெட்டியதால் பலவற்றில் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகச் சிதைந்திருக்கும். 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கின்றார். இக்காசை எவரும் செய்யலாம், விரும்பிய குறியை இடலாம். வெள்ளி மட்டும் தூயதாக இருக்க வேண்டும். ஐயம் ஏற்பட்டால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி நீரில் இடுவார்கள். வெள்ளை வெளேரென்று வராவிட்டால் அது செல்லாது. படிக்க முடியாத அந்த எழுத்து, நம்பிக்கையின் அடையாளமாக மட்டும் நின்றது. அதை வெட்டிய தட்டானும் வாங்கிய உழவனும் அரபு அறியாதவர்கள்.

எங்கே கிடைத்தது?

வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்ற ஊர். ஊரிலுள்ள முதிய உழவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தமது கொட்டப்பெட்டியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஐயா, இது பவுண் இல்லையெண்டு எனக்குத் தெரியும். இது ஆற்றை காசெண்டு மட்டும் சொல்லுங்கோ."

தேய்ந்திருந்தாலும் நந்தியின் முதுகும் பிறையும் தெரிந்தன. 'சே' என்பதன் கொம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. சேதுக் காசு என்றேன். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"அப்பு வைச்சிருந்தவர். தீவுப் பக்கமோ, பூநகரிப் பக்கமோ... அவர் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. இன்னும் ஏழெட்டு இருந்தது. 2009 இல ஓடேக்கை எல்லாம் அங்கங்கை விட்டுப்போட்டு ஓடினது. இது மடியிலை கிடந்தபடியால் தப்பிட்டுது."

அவருக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: இன்ன மன்னர் வழியினர் அடித்த காசு. தீவுப் பகுதியில் கிடைத்திருந்தால் அது துறைமுகத்தின் கதையைச் சொல்லும். பூநகரியில் கிடைத்திருந்தால் பெருநிலப்பரப்புக்கும் குடாநாட்டுக்கும் இடையிலான வழியின் கதையைச் சொல்லும். இடம் தொலைந்ததால் இரண்டு கதையும் தொலைந்தன. எஞ்சியது ஒரு செப்புத் துண்டும் இரண்டு எழுத்தும்.

இடம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சொக்டியரே சான்று. அவர்களது அரசு அழிந்தது. மொழி ஏறத்தாழ மறைந்தது. இன்றைய தஜிகிஸ்தானில் உள்ள பஞ்சிகென்ட் என்னும் பாழ்நகரை 1940களின் பிற்பகுதி முதல் சோவியத் அறிஞர்கள் ஆண்டுதோறும் அகழ்ந்தனர். எந்த வீட்டில், எந்த அறையில், எந்த மண்படையில் ஒவ்வொரு காசும் கிடந்தது என்று எழுதி வைத்தனர். ஓல்கா ஸ்மிர்னோவா அக்காசுகளைப் படித்து 1963 இலும் 1981 இலும் பட்டியல் நூல்களை வெளியிட்டார். எந்த மன்னனுக்குப் பின் எவன் ஆண்டான் என்பதை அறிய, இலக்கியம் கைவிட்ட இடத்தில் காசுகள் கைகொடுத்தன. அதே வகைக் காசு ஒன்று ஊர் பேரில்லாமல் ஏலத்துக்கு வரும்போது, வாங்கியவரின் பெட்டியை அழகு செய்வதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

எம்மிடமும் அத்தகைய முயற்சிகள் தொடங்கின. கந்தரோடையில் 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் ஆய்வு செய்து பழங்காசுகளை வெளிப்படுத்தினார். மாந்தையில் 1980 இல் தொடங்கிய அகழ்வு போரால் 1984 இல் நின்றது. அதன் முடிவுகள் நூலாக வெளிவர 2013 ஆயிற்று. பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த ஆய்வு 1993 இல் நூலாக வந்தது. எஞ்சிய வன்னியின் பெரும்பகுதி இன்னும் எழுதப்படாத ஏடு.

அந்த ஏட்டைக் கிழிப்பவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் புதையல் தோண்டுபவர்கள். 'புதையல் தோண்டியோர் கைது' என்ற தலைப்பை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டாவது, அச்சம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நிலத்திலிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது. அது நியாயமான ஏற்பாடே. ஆனால், போருக்குப் பின் வடக்கிலே, குருந்தூர்மலை போன்ற இடங்களில் தொல்பொருள் என்ற சொல் நிலத் தகராறாக மாறியதைக் கண்ட உழவன், தன் வயலில் பழங்காசு கிடைத்தது என்று வாய் திறக்க அஞ்சுகின்றான். காசைச் சொன்னால் காணி போய்விடுமோ என்பது அவன் கவலை. எனவே, காசு ஒன்றில் மண்ணுக்குள் திரும்பிப் போகின்றது, அல்லது இரகசியமாகக் கைமாறுகின்றது. எந்த இனத்தவர் எடுத்தாலும் இழப்பு ஒன்றே.

இதிலே ஒரு துயரமான முரண் உண்டு. காணி யாருடையது என்று வாதாடுவதற்காகத் தொல்பொருளைத் தேடுவோர் கையில் சேதுக் காசைக் கொடுத்தால், அது இரு தரப்புக்கும் முழுமையாகச் சாட்சி சொல்லாது. ஒரு முகத்தைக் காட்டித் தமிழருடையது எனலாம். திருப்பினால் அநுராதபுரத்திலிருந்து வந்த உருவம் நிற்கின்றது. பொலன்னறுவைக் காசைக் காட்டிச் சிங்களவருடையது எனலாம்; அதன் இடைவழியில் சோழன் நிற்கின்றான். அதைச் சந்தையிலே வாங்கி விற்ற மனிதன் இந்தக் கேள்வியைக் கேட்டவன் அல்லன். எதிரில் நின்றவன் அதை வாங்குவானா என்பது ஒன்றே அவன் கேட்ட கேள்வி.

உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது பாட்டனாரின் பெட்டியிலிருந்து எடுத்துச் சென்ற பழங்காசு உங்களில் சிலரிடம் இருக்கக்கூடும். அதன் விலை என்ன என்று கேட்பதற்கு முன், வீட்டிலுள்ள முதியவர்களிடம் அது எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். ஊரின் பெயர், காணியின் பெயர், கிணறு வெட்டும்போதா, வயல் உழும்போதா, எந்த ஆண்டளவில் என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காசோடு வைத்துவிடுங்கள். காசைத் தேய்த்து மினுக்க வேண்டாம். பாசியோடு எழுத்தும் போய்விடும். காசு இன்னும் ஆயிரம் ஆண்டு கிடக்கும். அதைக் கண்டெடுத்தவரை அறிந்த மனிதர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.